பயிற்சிக் கூடத்தின் பேரேடு

மலையகத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்கு அகராதியிற் காணாத ஒரு பொருள் வழங்கி வருகின்றது. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி நாள் முழுவதும் மலையில் நின்று, குறித்த நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் அவளுக்கு 'ஒரு பேர்' விழும். நிறை குறைந்துவிட்டால் 'அரைப் பேர்'. செக்றோல் என்னும் ஏட்டிலே அவளுக்கு நேரே விழும் குறி எதுவோ அதுவே அன்றைய அவள் கூலி. அந்தக் குறி தவறினால் வியர்வையும் தவறியதாகவே கணக்காகும். பிரட்டுக்களத்திலே காலையிற் பெயர் கொடுப்பது முதல் மாலையில் நிறை போடுவது வரை, ஏடு எழுதுகிறவனின் கையிலே குடும்பத்தின் அடுப்பு இருந்தது என்று சொன்னாலும் மிகையாகாது.

ஏட்டின் வலிமையை இவ்வளவு நெருங்கி அறிந்த மக்களின் பிள்ளைகள் இன்று கராத்தே, ஜூடோ, சிலம்பம் போன்ற தற்காப்புக் கலைகளைப் பயிலும்பொழுது, அந்த வகுப்புகளின் ஏடு எப்படி அமையவேண்டும் என்று கேட்பது பொருத்தமானதே. அந்த ஏடு இப்பொழுது பல நாடுகளிலே கணனிக்குள் புகுந்துவிட்டது. பயிற்சிக் கூடங்களை நிர்வகிப்பதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் மைண்ட்பொடி, ஸென் பிளானர், கிக்சைட் முதலிய பெயர்களோடு விற்பனையாகின்றன. அவை பெரும்பாலும் அமெரிக்க நகரங்களின் வழக்கத்தை மனத்திற்கொண்டு உருவானவை. கினிகத்தேனை போன்ற ஒரு மலைப் பட்டினத்துக்கு அத்தகைய மென்பொருளை ஒருவர் புதிதாகக் கட்ட முற்பட்டால், அவர் எதை எதை எண்ணிப் பார்க்கவேண்டும்? இவ்வுரையின் பொருள் அதுவே.

முதலிலே ஒரு பழைய செய்தி. கணனியை வியாபாரக் கணக்குக்குப் பழக்கிய முதல் நிறுவனம் தேநீரால் வாழ்ந்த ஒரு நிறுவனம் என்பது மலையக நேயர்களுக்குச் சுவையாக இருக்கும். இங்கிலாந்திலே தேநீர்க் கடைகளை நடத்திவந்த ஜே. லையன்ஸ் கம்பெனியார் 'லியோ' என்னும் யந்திரத்தைத் தாமே அமைத்து, 1951 நவம்பரில் தமது வெதுப்பகக் கணக்கை அதிலே இடத் தொடங்கினர். பின்னர் ஊழியரின் சம்பளப் பட்டியலும், தேயிலைக் கலவைக் கணக்கும் அதில் ஏறின. அக் கம்பெனியார் யந்திரத்தைத் தொடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே தமது எழுதுவினைஞர் எந்தத் தாளை எதற்காக எழுதுகின்றனர் என்று ஆராய்ந்து வந்தவர்கள். லியோவின் வெற்றிக்கு அந்த ஆராய்ச்சியே பாதிக் காரணம் எனலாம். ஏட்டை அறியாமல் யந்திரத்தை எழுதுகிறவர் குழப்பத்தைத்தான் யந்திரமாக்குவார்.

ஆகவே, தற்காப்புக் கலைக்கூடத்தின் ஏட்டை முதலில் அறிவோம். ஏடு இக்கலைகளுக்குப் புதியதொன்றன்று. ஜூடோவை வகுத்த கனோ ஜிகோரோ 1882 ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் ஒரு பௌத்த ஆலயத்திலே, பன்னிரண்டு பாய்கள் விரித்த இடத்திற் கொடோக்கான் என்னும் தமது கூடத்தைத் தொடங்கியபொழுதே, சேரும் மாணாக்கர் பெயரெழுதிக் கையொப்பமிட ஓர் ஏட்டை வைத்தார். அடுத்த ஆண்டிலே 'டான்' என்னும் தரவரிசையைத் தமது மாணாக்கர் இருவருக்கு வழங்கினார். கராத்தேயைத் தோக்கியோவிற் பரப்பிய புனகோஷி கிச்சின் அதே முறையைப் பின்பற்றி 1924 இல் ஏழு பேருக்கு முதல் டானை அளித்தார். ஜப்பானியக் கூடங்கள் பலவற்றின் சுவரிலே, மாணாக்கரின் பெயர் பொறித்த சிறு மரப்பலகைகள் தரவரிசைப்படி தொங்குவதைக் காணலாம். ஒருவர் தேறினால் அவர் பலகை இடம் மாறும். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைக் கூடத்துக்குள் நுழைகிற எவரும் ஒரே பார்வையில் அறிந்துகொள்வர். மென்பொருளைக் கட்டுகிறவர் கற்கவேண்டிய முதற் பாடம் அந்தச் சுவரிலே தொங்குகிறது என்று சொல்லலாம்.

மென்பொருளின் உள்ளே இருப்பது என்ன? அடிப்படையில் அது சில பட்டியல்களின் தொகுதி. 1970 ஆம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனியில் ஆராய்ச்சி செய்துவந்த எட்கர் கொட் என்பவர், தகவல்களை எவ்வாறு அட்டவணைகளாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று தொடர்புபடுத்தி வைக்கலாம் என்று ஒரு கட்டுரையிலே காட்டினார். அவருடைய கருத்தின் சாரம் நம் வீட்டுப் பேச்சிலே சொல்லக்கூடியது: ஒரு செய்தியை ஒரே இடத்தில் எழுது; வேண்டிய மற்ற இடங்களிலிருந்து அதைச் சுட்டிக் காட்டு. ஒரு தாயின் மூன்று பிள்ளைகள் ஒரே வகுப்பிற் பயில்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். கொப்பியிலே அந்தத் தாயின் தொலைபேசி எண் மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கும். எண் மாறினால் ஓரிடத்திலே திருத்துவர். மற்ற இரண்டும் பழையபடி கிடக்கும். பிள்ளைக்குக் கால் பிசகிய அன்று பழைய எண்ணே கையில் அகப்படும். அட்டவணை முறையிலே தாய் ஒருமுறைதான் எழுதப்படுகிறாள். பிள்ளைகள் மூவரும் அவளைச் சுட்டுகின்றனர்.

இவ்வாறு பார்த்தால், கூடத்துக்கு வேண்டிய பட்டியல்கள் அதிகமில்லை. ஆள், அவர் குடும்பம், வகுப்பு, வரவு, கட்டணம், தேர்ச்சி, காயம். இவ்வேழோடு பெரும்பாலும் முடிந்துவிடும். விற்பனைக்கு வரும் மென்பொருள்களிலே விளம்பரக் கடிதம் அனுப்புவதற்கும், விலகிய மாணாக்கரை மீண்டும் இழுப்பதற்கும், சட்டையும் கையுறையும் விற்பதற்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. முப்பது பிள்ளைகள் படிக்கும் கூடத்துக்கு அவை சுமை.

சிக்கல் தொடங்குவது ஆளின் பெயரிலே. மேனாட்டு மென்பொருள் 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு கட்டங்களைக் காட்டி, இரண்டையும் நிரப்பாவிட்டால் மேலே செல்ல விடாது. தமிழருக்குக் குடும்பப்பெயர் ஏது? தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுத் தன் பெயரை எழுதுவதே வழக்கம். அந்த முதலெழுத்தை ஒருவர் முதற்கட்டத்திலும் இன்னொருவர் இரண்டாங்கட்டத்திலும் இட, ஒரே பிள்ளை இரண்டு பிள்ளைகளாக ஏட்டில் வளரும். மலையகத்திலே இதற்கு மேலும் ஒரு துன்பம் உண்டு. வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, பாடசாலைப் பெயர் ஒன்று, பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலே தமிழறியாத எழுத்தர் ஒருவர் ஒலியைக் கேட்டு எழுதிய பெயர் வேறொன்றாக இருப்பதுண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்து 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை, ஒரு பத்திரம் இருந்ததா இல்லையா, அதிலே பெயர் சரியாக இருந்ததா என்பதிலே தலைமுறைகளின் நாடே தங்கியிருந்த சமூகம் இது. ஒரு சிறு எழுத்துப் பிழையை இங்கே சிறு பிழை என்று எவரும் கருதமாட்டார். போட்டிக்குப் பெயர் அனுப்பும்பொழுதும், தேர்ச்சிச் சான்றிதழ் எழுதும்பொழுதும் பத்திரப் பெயரே வேண்டும். களத்திலே கூப்பிடும்பொழுது வீட்டுப் பெயர் வேண்டும். ஆகையால் 'முழுப்பெயர், பத்திரத்தில் உள்ளபடி' என்று ஒரு கட்டமும், 'அழைக்கும் பெயர்' என்று ஒரு கட்டமும் போதும். குடும்பப்பெயர்க் கட்டத்தை எடுத்தெறிந்துவிடலாம்.

பெயரைத் தமிழிலே எழுதுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. இலங்கையிலே நெடுங்காலம் பாமினி போன்ற எழுத்துருக்கள் வழங்கிவந்தன. அவற்றிலே தமிழெழுத்து ஆங்கில எழுத்தின் இடத்திலே குடியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணனியிலே திறந்தால், பெயருக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே கண்ணிற்படும். 1991 இல் வெளிவந்த யுனிகோட் முறை, தமிழுக்குத் தனியிடம் அளித்தது. இன்று புதிதாக எழுதுகிறவர் அதைவிட்டு வேறொன்றைத் தேடவேண்டியதில்லை. ஆனாலும் ஒரு குழி இருக்கிறது. 'ஸ்ரீ' என்னும் எழுத்தைக் கணனியில் இருவகையாக ஆக்கலாம். ஸகரத்தோடு தொடங்கும் வகை ஒன்று, பின்னர் வந்த ஶகரத்தோடு தொடங்கும் வகை மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் பெரும்பாலும் ஒன்றே. கணனிக்கோ இரண்டும் வெவ்வேறு. ஸ்ரீதரன் என்னும் பையனைத் தேடினால் 'அப்படி ஒருவர் இல்லை' என்று விடை வரும். பையனோ எதிரே நின்று சிரித்துக்கொண்டிருப்பான். தேடுவதற்கு முன்பு இரண்டையும் ஒரே வகையாக மாற்றிக்கொள்ளும்படி நிரலிலே சில வரிகள் எழுதிவிட்டால் இது தீரும். அந்தச் சில வரிகளை அமெரிக்காவிலிருந்து எவரும் எழுதித் தரமாட்டார்.

அடுத்தது வரவு. அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வழியிலே, கித்துல்கலைக்கு மேலே, வட்டவளைக்குக் கீழே இருப்பது கினிகத்தேனை. இலங்கையின் மிகுந்த மழை பெறும் பிரதேசங்களிலே இது ஒன்று. மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதும் காலத்திலே, மின்சாரம் நின்றுபோவதும் தொலைபேசித் தொடர்பு அறுந்துபோவதும் புதுமையல்ல. லக்ஷபானை நீர்மின் நிலையம் 1950 ஆம் ஆண்டிலிருந்து நாட்டுக்கு வெளிச்சம் தருகின்றது. அதன் அயலூரிலே மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் இருட்டு இருட்டுத்தான். எந்த நேரமும் இணையத்தோடு தொடுத்திருந்தாலன்றித் திறவாத மென்பொருளை இங்கே நம்பமுடியாது. வரவு முதலில் ஆசானின் கையடக்கத் தொலைபேசியிலேயே பதியவேண்டும்; தொடர்பு மீண்டபின் மற்ற இடங்களுக்குச் செல்லவேண்டும்.

இதற்கு ஏற்ற சாதனம் காசில்லாமலே கிடைக்கின்றது. 2000 ஆம் ஆண்டிலே ரிச்சர்ட் ஹிப் என்னும் அமெரிக்கர் எழுதி, எவரும் எடுத்தாளும்படி பொதுச் சொத்தாக விட்ட எஸ்.கியூ.லைட் என்னும் தரவுத்தளம், பட்டியல்கள் முழுவதையும் ஒரே கோப்பிலே அடக்கிவிடும். அது ஏறக்குறைய எல்லாத் திறன்பேசிகளிலும் ஏற்கெனவே குடியிருக்கின்றது. ஆனால் ஆசானின் தொலைபேசியிலும் உதவியாளரின் தொலைபேசியிலும் ஒரே மாலையில் வரவு பதிந்து, பின்னர் இரண்டும் சந்திக்கும்பொழுது எது உண்மை என்று எப்படித் தீர்ப்பது? இங்கே பழைய கணக்கப்பிள்ளைகளின் ஒழுங்கே வழிகாட்டும். நல்ல கணக்கேட்டிலே எதையும் சுரண்டி அழிப்பதில்லை. பிழையைக் கோடிட்டு, பக்கத்திலே திருத்தத்தை எழுதி, திகதியிட்டுக் கையொப்பமிடுவர். மென்பொருளும் அப்படியே ஒவ்வொரு பதிவையும் புதிய வரியாக, யார் எப்பொழுது எழுதினார் என்ற குறிப்போடு சேர்க்கவேண்டும். இரண்டு தொலைபேசிகளின் வரிகளும் வந்து சேர்ந்தால், ஒரே பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு வரி இருப்பின் ஒரு வரவாக எண்ணிக்கொள்வது எளிது. ஒன்று 'வந்தார்' என்றும் மற்றது 'வரவில்லை' என்றும் சொன்னால், யந்திரம் தீர்ப்புச் சொல்லாமல் ஆசானிடம் கேட்கட்டும்.

கைரேகை பதிக்கும் யந்திரம் வைத்தால் என்ன என்று சிலர் கேட்பர். முப்பது பிள்ளைகளை முகத்தால் அறிந்த ஆசானுக்கு அது எதற்கு? மாற்ற முடியாத உடலடையாளம் ஒன்றைச் சிறுவரிடமிருந்து பெற்று வைத்துக்கொள்ளும் பொறுப்பும் அதனோடு வரும்.

கட்டணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. மேனாட்டு முறையிலே மாணாக்கரின் வங்கி அட்டையிலிருந்து மாதத்தின் முதல் நாளிலே பணம் தானாக எடுக்கப்படும். தவறினால் தண்டப்பணம் சேரும். தோட்டக் குடும்பத்துக்குச் சம்பளம் வருவது பெரும்பாலும் பத்தாந் திகதியை ஒட்டி. முதலாந் திகதியிலே 'பணம் கட்டவில்லை' என்று சிவப்பெழுத்திலே காட்டும் மென்பொருள், மாதந்தோறும் அதே பிள்ளைகளையே குற்றவாளியாக்கும். பிழை பிள்ளையிடத்திலன்று, நாட்காட்டியிடத்திலே. கட்ட வேண்டிய நாளைக் குடும்பத்துக்குக் குடும்பம் மாற்றக்கூடியதாக வைப்பது நிரல் எழுதுகிறவருக்கு அரைமணி வேலை. பகுதி பகுதியாகக் கட்டுவதையும் ஏற்கவேண்டும். இலவசமாகப் பயிலும் பிள்ளையின் கணக்கிலே 'பாக்கி' என்று எதுவும் தோன்றலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வரவு பதியும் திரையிலே கட்டண நிலை தெரியவே கூடாது. அந்தத் திரையைப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பர். உள்ளே நுழைகிற பையனின் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி இருப்பதை அவனுடைய தோழர் பார்த்துவிட்டால், அடுத்த வாரம் அவன் வரமாட்டான்; ஏன் வரவில்லை என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

மென்பொருளுக்கே கொடுக்கும் வாடகையும் கட்டணந்தான். வெளிநாட்டு மென்பொருள்கள் பல மாத வாடகையை டொலரிலே கேட்கின்றன. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்துக்குள் 350 ரூபாவைத் தாண்டிவிட்டது. கூடத்துக்கு வரும் பணம் ரூபாவிலும் போகும் பணம் டொலரிலும் இருந்தால், ஆசான் எதுவும் செய்யாமலே கடனாளியாகும் நிலை வரும். உள்ளூரிலே சிறியதாகக் கட்டிக்கொள்வதற்கு இதைவிட வலிய காரணம் வேண்டுவதில்லை.

தரவரிசையிலே யந்திரம் எவ்வளவு பேசலாம்? கராத்தேயிலே நிறப் பட்டிகள் கியூ என்னும் படிகளைக் குறிக்கும். கறுப்புப் பட்டி முதல் டான். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்ல இத்தனை மாதம், இத்தனை வகுப்பு என்று கூடங்கள் விதி வைத்திருக்கும். இவற்றை எண்ணுவதிலே யந்திரத்துக்கு நிகர் இல்லை. 'இந்தப் பன்னிரண்டு பேர் பரீட்சைக்குத் தோற்றலாம்' என்று அது பட்டியல் தரட்டும். தேறினாரா என்பதை அது தானாக எழுதிவிடக் கூடாது. அறுபது வகுப்புக்கு வந்தவன் அறுபது முறையும் கடைசி வரிசையில் நின்று பேசிக்கொண்டிருந்திருக்கலாம். நாற்பது வகுப்புக்கு வந்தவள், மற்ற நாட்களிலே தம்பியைப் பார்த்துக்கொண்டு லயத்து வாசலிலே தனியே பழகியிருக்கலாம். அதை அறிந்தவர் ஆசான். ஆகவே தேர்ச்சிப் பட்டியலிலே திகதி, படி, பரீட்சித்தவர் பெயர், அவர் எழுதிய குறிப்பு ஆகியவை இருத்தல் வேண்டும். மாதாமாதம் பட்டி விற்றுப் பணம் சேர்க்கும் கூடங்கள் உலகிலே இல்லாமலில்லை. அவற்றுக்குத் தானியங்கித் தேர்ச்சி வசதியாக இருக்கும்.

காயப் பட்டியலை மென்பொருள் விற்போர் பெரும்பாலும் கடைசியிலே பேசுவர். முதலிலே பேசவேண்டியது அதுவே. தலையிலே அடிபட்ட பிள்ளை சிறிது நேரம் தடுமாறிவிட்டு 'ஒன்றுமில்லை, மாஸ்டர்' என்று சொல்லி மீண்டும் வரிசையிலே நிற்பதுண்டு. 2022 இல் ஆம்ஸ்டர்டாம் நகரிலே கூடி, 2023 இல் தமது முடிவுகளை வெளியிட்ட மருத்துவ அறிஞர்கள், மூளையதிர்ச்சி என்று ஐயுற்ற விளையாட்டு வீரரை அன்றைய தினமே களத்துக்குத் திருப்பலாகாது என்று வற்புறுத்தியுள்ளனர். பின்னர் படிப்படியாகவே பயிற்சிக்குத் திரும்பவேண்டும்; ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம்; எதிராளியோடு மோதும் நிலைக்கு வருமுன்பு வைத்தியரின் இசைவு; பாடசாலைப் பிள்ளையாயின் முதலிலே வகுப்பறைக்குத் திரும்பியிருத்தல் வேண்டும். செவ்வாய்க்கிழமை அடிபட்டதை வியாழக்கிழமை வகுப்பெடுக்கும் உதவியாளர் எப்படி அறிவார்? வரவுத் திரையிலே காட்டவேண்டிய ஒரேயொரு எச்சரிக்கை இதுதான்: 'மோதற் பயிற்சி வேண்டாம்'. வைத்தியரின் கடிதம் கண்ட திகதியை ஆசான் பதிந்தாலன்றி அந்த எச்சரிக்கை மறையாதபடி நிரலை எழுதவேண்டும். தாயை அழைக்கும் எண் ஒரே தொடுகையில் வரவேண்டும். இந்த ஒரு வசதிக்காகவே முழு மென்பொருளையும் கட்டினாலும் தகும்.

இனி, இவ்வளவு செய்திகளும் யாருடையவை? தோட்டங்களிலே முன்னாளில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் ஒரு சீட்டிலே எழுதப்படும். அந்தத் தொகையைக் கொடுத்தால் அவரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதித் தருவார். கடன் கைமாற ஆளும் கைமாறினார். 1921 ஆம் ஆண்டிலே சட்டத்தினால் அது ஒழிக்கப்பட்டது. கணனி யுகத்திலே அத்துணைக் கொடுமை இல்லை. எனினும் அதன் நிழல் ஒன்று உண்டு. வாடகை நின்ற மாதத்திலே கதவு மூடிக்கொள்ள, ஏழாண்டுத் தேர்ச்சிப் பதிவும் உள்ளே அகப்பட்டுப்போகும் மென்பொருளை எடுத்துக்கொண்டவர், தம் மாணாக்கரின் சீட்டை அந்நியர் கையிலே கொடுத்தவராகிறார். ஆகையால் எல்லாப் பட்டியல்களையும் எந்த நாளும், எந்தக் கணனியும் வாசிக்கக்கூடிய எளிய வடிவிலே வெளியே எடுக்க வழி இருக்கவேண்டும். கூடம் மாறிச் செல்லும் மாணாக்கர் தமது தேர்ச்சிப் பதிவின் பிரதியைக் கேட்டவுடன் பெறவேண்டும், பாக்கி இருப்பினும் கூட.

சட்டமும் இதிலே தலையிட்டிருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவையும் பிள்ளைகளைப் பற்றிய தரவையும் தனிக் கவனத்துக்குரிய வகையிலே வைத்திருக்கிறது. கூடத்தின் ஏட்டிலே இரண்டும் உண்டு. காயப் பட்டியலைத் திறக்க ஆசானுக்கும் உதவியாளருக்கும் மட்டுமே இசைவு, கட்டணப் பட்டியலைத் திறக்கக் கணக்கெழுதுகிறவருக்கு இசைவு என்று பிரித்து வைப்பது இதனால் தேவையாகிறது. விலகிய பிள்ளையின் காயக் குறிப்பைத் தேவை தீர்ந்தபின் நீக்கிவிடலாம். தேர்ச்சிப் பதிவை வைத்திருக்கலாம். புகைப்படத்தைப் பெற்றாரின் எழுத்துமூல இசைவின்றிச் சேர்க்காதிருப்பதே நன்று.

கட்டத் தொடங்குகிறவர் முதலிலே இரண்டு மாத மாலைகளை வகுப்பின் மூலையிலே உட்கார்ந்து செலவிடுவது நல்லது. ஆசான் எந்தக் கொப்பியை எப்பொழுது எடுக்கிறார், ஈரக்கையோடு எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார், எதை எழுதாமல் மனத்திலேயே வைத்துக்கொள்கிறார் என்று பார்க்கட்டும். பின்னர் வரவையும் காயத்தையும் மட்டும் எழுதித் தந்து, கொப்பியையும் கூடவே நடக்க விடட்டும். மாத முடிவிலே இரண்டையும் ஒப்பிட்டால், வேறுபடும் வரிகள் பிழை எங்கே என்று காட்டிவிடும். கட்டணம் அதற்குப் பின்பு. தேர்ச்சி அதற்கும் பின்பு. பொத்தான்களிலே தமிழும் சிங்களமும் இரண்டுமே இருக்கட்டும்; ஒரே பாயிலே இரு மொழிப் பிள்ளைகளும் விழுந்தெழும் பட்டினம் அது. ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் தேர்ச்சிப் பட்டியலைக் காகிதத்திலே அச்சிட்டு, ஆசான் கையொப்பமிட்டு, மழை நனையாத தகரப் பெட்டியொன்றிலே வைத்துவிடலாம்.